சேர்ந்தவர் எத்தனை, தேறியவர் எத்தனை?
கல்வி அறிஞர் ஜே. பி. நாயக்கின் வாழ்வும் பணியும்

விவசாயி ஒருவரிடம், "இந்தப் போகம் எப்படி?" என்று கேட்டால், எத்தனை படி விதை விட்டோம் என்று அவர் விடை கூறுவதில்லை. களத்தில் எத்தனை மூட்டை அளந்தோம் என்பதையே கூறுவார். நாற்றங்காலில் முளைத்த நாற்று முழுவதும் நடவுக்கு வருவதில்லை. நட்ட பயிர் முழுவதும் கதிர் முற்றுவதும் இல்லை. இடையில் எவ்வளவு போயிற்று, எதனால் போயிற்று என்று கணக்குப் பார்ப்பவரே அடுத்த போகத்தில் முன்னேறுகிறார்.

பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசும்போது மட்டும் நம்மில் பலர் விதைக் கணக்கோடு நின்றுவிடுகிறோம். நமது ஊரில் பள்ளி இருக்கிறது, கட்டிடம் இருக்கிறது, முதல் வகுப்பில் இத்தனை குழந்தைகள் சேர்ந்தார்கள் என்று கூறி மனநிறைவு அடைகிறோம். சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இறுதிவரை படித்தார்கள், படித்தவர்களில் எத்தனை பேர் பிழையின்றி எழுதவும் கணக்குப் போடவும் கற்றார்கள் என்ற கேள்வி எழுவதில்லை. இந்தக் கேள்வியைத் தம் வாழ்நாள் முழுவதும் கேட்டவர் ஜே. பி. நாயக். கிராமத்தில் பிறந்து, கிராமத்தில் உழைத்து, பின்னர் இந்திய நாட்டின் கல்விக் கொள்கையை வகுப்பதில் பெரும்பங்கு கொண்ட அவருடைய வரலாறு, பஞ்சாயத்து உறுப்பினர்களாகிய நாம் அறிந்திருக்க வேண்டிய ஒன்று. அதனை இங்கே சுருக்கமாகக் காண்போம்.

கிராமமே முதற் பள்ளி

ஜெயந்த் பாண்டுரங் நாயக் 1907ஆம் ஆண்டு, மகாராஷ்டிரத்தின் தென் கோடியிலுள்ள கோலாப்பூர்ப் பகுதியில், பாஹிரேவாடி என்னும் சிற்றூரில் பிறந்தார். இளமையில் கணிதத்தில் ஆர்வம் மிக்கவர். அந்நாளில் நன்கு படித்த இளைஞர்கள் நகரத்தில் உத்தியோகம் தேடிச் செல்வதே வழக்கமாக இருந்தது. நாயக் அவ்வழியில் செல்லவில்லை. 1930களின் தொடக்கத்தில் சட்டமறுப்பு இயக்கத்தில் ஈடுபட்டுச் சிறை சென்றார். விடுதலை பெற்றபின், தார்வாருக்கு அருகேயுள்ள உப்பின் பெட்டகேரி என்னும் கன்னட நாட்டுக் கிராமத்தில் தங்கி நிர்மாணப் பணியில் இறங்கினார்.

கல்வியைத் தனியே பிரித்து வைத்து வளர்க்க இயலாது என்ற உண்மை அவருக்கு இத்தகைய கிராமப் பணியிலேயே விளங்கியது. குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் அது பள்ளிக்கு வராது. தாயும் தந்தையும் அறுவடைக்குப் போனால், மூத்த பெண் கைக்குழந்தையைப் பார்த்துக்கொண்டு வீட்டில் தங்கிவிடுவாள். ஆடு மாடு மேய்க்கும் சிறுவனுக்குப் பள்ளி நடைபெறும் பகல் வேளையே மேய்ச்சல் வேளையும் ஆகும். உடல்நலம், வறுமை, வேலை, கல்வி ஆகிய நான்கும் ஒரே கயிற்றின் புரிகள். ஒன்று அறுந்தால் மற்றவையும் தளர்ந்துபோகும். பிற்காலத்தில் புது தில்லியில் அமர்ந்து நாடு முழுவதற்கும் திட்டம் எழுதியபோதும், அவர் இதனை மறக்கவில்லை.

கார்கோட்டியில் நடந்த சோதனை

1940களில் நாயக் கோலாப்பூர் சமஸ்தானத்தின் அபிவிருத்திப் பணிகளில் பொறுப்பேற்றார். அக்காலத்தில், வி. டி. பாட்டீல் முதலியோருடன் இணைந்து, கார்கோட்டி என்னும் ஊரில் மௌனி வித்யாபீடம் என்ற கல்வி நிறுவனத்தை உருவாக்கினார். அப்பகுதியில் வாழ்ந்த மௌனி மகராஜ் என்ற துறவியின் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது. மலைச்சாரலை அடுத்து, நகர வசதிகள் எட்டாதிருந்த ஊர் அது. பாலர் பள்ளி முதல் உயர் கல்வி வரை அனைத்தும் ஒரே வளாகத்தில் அமைய வேண்டும், அக்கல்வி சுற்றியுள்ள கிராமங்களின் வாழ்வோடு ஒட்டியதாக இருக்க வேண்டும் என்பதே அந்நிறுவனத்தின் நோக்கம்.

இந்திய அரசாங்கம் 1956ஆம் ஆண்டு முதல் கிராமிய உயர்கல்வி நிலையங்களை ஏற்படுத்தியபோது, அவற்றுள் ஒன்றாகக் கார்கோட்டி தேர்ந்தெடுக்கப்பட்டது. அதே திட்டத்தின்கீழ் நமது மாநிலத்தில் இடம்பெற்றவை திண்டுக்கல்லுக்கு அருகேயுள்ள காந்திகிராமமும், கோவையை அடுத்த பெரியநாயக்கன்பாளையத்து இராமகிருஷ்ண வித்யாலயமும் ஆகும். இவ்விரு நிறுவனங்களையும் நேரில் கண்டவர்கள், கார்கோட்டியில் நாயக் எத்தகைய கல்வியை எண்ணியிருப்பார் என்பதை எளிதில் ஊகித்துக்கொள்ளலாம்.

இப்பணிகளுக்கிடையே அவர் எழுதுவதையும் ஆராய்வதையும் விடவில்லை. சையத் நூருல்லா என்பவருடன் சேர்ந்து, ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்து இந்தியக் கல்வி வரலாற்றை 1943இல் எழுதி வெளியிட்டார். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகளில் அந்நூல் நெடுங்காலம் பாடநூலாக விளங்கியது. 1948இல் பம்பாயில் இந்தியக் கல்வி நிலையம் என்ற ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். பின்னர் அது புனே நகருக்கு மாற்றப்பட்டது. அவருடைய துணைவியார் சித்ரா நாயக்கும் பெயர்பெற்ற கல்வியாளர். பிற்காலத்தில் திட்டக் கமிஷனின் உறுப்பினராகவும் பணியாற்றியவர்.

விரயமும் தேக்கமும்

நாயக் தம் காலமெல்லாம் போராடிய பிரச்சினையை இங்கே சிறிது விரிவாகக் காண வேண்டும். கல்வித் துறையார் இதனை விரயம் என்றும் தேக்கம் என்றும் இரண்டாகப் பிரித்துக் கூறுவர். பள்ளியில் சேர்ந்த குழந்தை, எழுத்தறிவு நிலைபெறும் முன்பே நின்றுவிடுவது விரயம். ஒரே வகுப்பில் இரண்டு மூன்று ஆண்டுகள் தங்கிவிடுவது தேக்கம். தேங்கிய குழந்தையே பெரும்பாலும் பின்னர் நின்றுவிடும் குழந்தையும் ஆகும்.

1929இல் அறிக்கை அளித்த ஹார்டாக் குழு இக்கணக்கை நாட்டின் முன் வைத்தது. 1922-23ஆம் ஆண்டில் முதல் வகுப்பில் இருந்த நூறு சிறுவர்களுக்கு, மூன்று ஆண்டுகள் கழித்து நான்காம் வகுப்பில் இருந்தவர் இருபது பேர்கூட இல்லை. எஞ்சிய எண்பதுக்கு மேற்பட்டோருக்காகச் செலவிட்ட பணம், ஆசிரியரின் உழைப்பு, அக்குழந்தைகளின் காலம் அனைத்தும் மணலில் கொட்டிய நீர் ஆயின. நாற்பது ஆண்டுகள் கழித்து, சுதந்திர இந்தியாவில் மீண்டும் கணக்கிட்டபோதும், முதல் வகுப்பில் சேர்ந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தொடக்கக் கல்வியை முடிக்கும் முன்பே நின்றுவிட்டது தெரியவந்தது. பெண் குழந்தைகளின் நிலை இன்னும் மோசமாக இருந்தது.

நமது அரசியல் சட்டம் 1950இல் நடைமுறைக்கு வந்தபோது, பத்தாண்டுகளுக்குள் பதினான்கு வயது நிறையும் வரை எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி அளிக்க அரசு முயல வேண்டும் என்று 45ஆம் பிரிவில் கூறப்பட்டது. 1960 வந்தது, குறிக்கோள் நிறைவேறவில்லை. பள்ளிகளின் எண்ணிக்கை பல மடங்கு உயர்ந்தும் ஏன் நிறைவேறவில்லை என்ற கேள்விக்கு, நாயக் தெளிவான விடை ஒன்றைக் கூறினார்.

நமது தொடக்கப் பள்ளி முறையில் மூன்று இறுக்கங்கள் உள்ளன என்பது அவருடைய கருத்து. முதலாவது, ஒரே நுழைவாயில். குழந்தை ஐந்து அல்லது ஆறு வயதில் முதல் வகுப்பில் சேர்ந்தால் உண்டு. பத்து வயதில் படிக்க விரும்பினால் அதற்கு இடம் இல்லை. இரண்டாவது, ஆண்டுக்கு ஒரு படியாக ஏறும் முறை. இடையில் ஒரு பருவம் தவறினால், முழு ஆண்டும் தவறிப்போகும். மூன்றாவது, முழு நேரப் படிப்பு. நாள் முழுவதும் பள்ளியில் இருக்க இயலாத குழந்தைக்குப் படிப்பே இல்லை. இம்மூன்றும் வசதியுள்ள குடும்பத்துக் குழந்தைக்கு இடையூறு செய்வதில்லை. கூலி வேலை செய்வோரின் குழந்தைக்கு மூன்றும் மூன்று சுவர்களாக நிற்கின்றன. ஆகவே, எந்த வயதிலும் சேரத்தக்க பல நுழைவாயில்கள் வேண்டும், ஊரின் வேலைக்காலத்தை அனுசரித்துப் பள்ளி நேரம் அமைய வேண்டும், பகலில் வர இயலாதவர்களுக்கு மாலையில் பகுதி நேர வகுப்புகள் நடைபெற வேண்டும் என்று அவர் வாதாடினார்.

பசியும் ஒரு சுவரே. சென்னை மாநிலத்தில் 1956இல் காமராஜர் தொடங்கிய பகல் உணவுத் திட்டம் அச்சுவரை உடைக்க எழுந்தது. பள்ளிக்கு வராத குழந்தையைக் குறைகூறுவதை விடுத்து, வராமைக்குரிய காரணத்தை நீக்குவதே அதன் வழி. நாயக்கின் வாதமும் அதே அடிப்படையில் அமைந்ததுதான்.

கல்விக் கமிஷனின் செயலாளர்

1959 முதல் நாயக் மத்தியக் கல்வி அமைச்சகத்தில் ஆலோசகராகப் பணியாற்றினார். 1964ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், கல்வி அமைச்சர் எம். சி. சாக்ளாவின் காலத்தில், இந்திய அரசாங்கம் கல்விக் கமிஷன் ஒன்றை நியமித்தது. விஞ்ஞானி டி. எஸ். கோத்தாரி அதன் தலைவர். நாயக் அதன் உறுப்பினரும் செயலாளரும் ஆவார். அதற்கு முன் அமைந்த குழுக்கள் பல்கலைக் கழகத்தை மட்டும், அல்லது உயர்நிலைப் பள்ளியை மட்டும் ஆராய்ந்தன. இக்கமிஷனோ பாலர் பள்ளி முதல் ஆராய்ச்சிக் கல்வி வரை அனைத்தையும் ஒருசேர ஆராய்ந்தது. இங்கிலாந்து, அமெரிக்கா, பிரான்ஸ், சோவியத் நாடு, ஜப்பான் ஆகிய நாடுகளின் அறிஞர்களும் அதில் இடம்பெற்றிருந்தனர்.

1964 அக்டோபர் 2ஆம் நாள், காந்தியடிகளின் பிறந்த நாளன்று, கமிஷன் வேலையைத் தொடங்கியது. அதன் உறுப்பினர்கள் நாடெங்கும் சுற்றி, ஏறக்குறைய ஒன்பதாயிரம் பேரைச் சந்தித்துக் கருத்துக் கேட்டனர். 1966 ஜூன் 29ஆம் நாள் அறிக்கை அளிக்கப்பட்டது. கல்வியும் தேச வளர்ச்சியும் என்ற பொருள்பட அதற்குத் தலைப்பிடப்பட்டது. இத்தனை பேரின் கருத்துகளையும் தொகுத்து, புள்ளி விவரங்களைச் சேர்த்து, அறிக்கையை உருவாக்கும் பெரும் பொறுப்பு செயலாளர் என்ற முறையில் நாயக்கின் தோளில் விழுந்தது.

அறிக்கையின் பரிந்துரைகள் மிகப் பல. அவற்றுள் கிராமத்தாருக்கு நெருக்கமான சிலவற்றை இங்கே குறிப்பிடுவோம்.

பத்தாண்டுப் பள்ளிக் கல்வி, இரண்டாண்டு மேல்நிலைக் கல்வி, மூன்றாண்டுப் பட்டப் படிப்பு என்ற அமைப்பு நாடு முழுவதும் பரவ இவ்வறிக்கை வழிசெய்தது. நமது மாநிலத்தில் பதினொன்றாம் வகுப்பில் எஸ்.எஸ்.எல்.சி., பின்னர் கல்லூரியில் ஓராண்டு பி.யூ.சி. என்று இருந்த பழைய முறை மாறி, 1978இல் மேல்நிலை வகுப்புகள் பள்ளிகளிலேயே தொடங்கப்பட்டன. பன்னிரண்டாம் வகுப்புவரை ஊருக்கு அண்மையிலேயே நமது பெண்கள் படிக்க முடிந்ததற்கு இம்மாற்றமும் ஒரு காரணம்.

முதல் வகுப்பையும் இரண்டாம் வகுப்பையும் ஒரே அலகாகக் கருத வேண்டும் என்றும், குழந்தை அதனதன் வேகத்தில் கற்க இடமளிக்க வேண்டும் என்றும் அறிக்கை கூறியது. பதினொன்று முதல் பதினான்கு வயதுவரை உள்ள குழந்தைகளில், தொடக்கக் கல்வி முடியாமல் நின்றவர்கள் ஓராண்டேனும் எழுத்தறிவு வகுப்புக்கு வர வேண்டும் என்று கேட்டது. உயர்நிலைப் பள்ளியொன்று தன்னைச் சுற்றியுள்ள தொடக்கப் பள்ளிகளுடன் இணைந்து, ஆய்வகம், நூலகம், ஆசிரியர் அனுபவம் ஆகியவற்றைப் பகிர்ந்துகொள்ளும் பள்ளித் தொகுப்பு முறையைப் பரிந்துரைத்தது. பணக்காரர் குழந்தையும் ஏழையின் குழந்தையும் தத்தம் அண்டையிலுள்ள ஒரே பொதுப்பள்ளியில் படிக்க வேண்டும் என்றும் வற்புறுத்தியது. 1985-86ஆம் ஆண்டுக்குள் தேசிய வருமானத்தில் 6 விழுக்காடு கல்விக்குச் செலவாக வேண்டும் என்பதும் அதன் கருத்தே.

பஞ்சாயத்துகளுக்குக் கூறப்பட்டது

பஞ்சாயத்து உறுப்பினர்கள் குறிப்பாக நினைவிற் கொள்ள வேண்டிய பரிந்துரை ஒன்று அவ்வறிக்கையில் உண்டு. கிராமங்களில் பஞ்சாயத்துகளும், நகரங்களில் நகராட்சிகளும் தத்தம் ஊர்ப் பள்ளியோடு நெருங்கிய தொடர்பு கொள்ள வேண்டும். ஆசிரியர் சம்பளம் நீங்கலான பிற செலவுகளின் பொறுப்பை, அரசாங்கத்தின் மானிய உதவியுடன், அவை ஏற்க வேண்டும் என்பது அது.

சம்பளம் நீங்கலான செலவுகள் எவை? கட்டிடப் பழுது, குடிநீர், கழிப்பறை, சுற்றுச்சுவர், கரும்பலகை, விளையாட்டுக் கருவி, நூலகத்துக்குப் புத்தகம் ஆகியவையே. தொகையில் சிறியவையாகத் தோன்றினும், ஒரு குழந்தை பள்ளியில் தங்குவதையும் தங்காமையையும் பெரும்பாலும் இவையே முடிவு செய்கின்றன. கழிப்பறையில் நீர் இல்லையென்றால், வயது வந்த பெண் முதலில் மாதம் நான்கு நாள் நிற்பாள். பின்னர் அடியோடு நிற்பாள். கூரை ஒழுகினால் மழைக்காலத்தில் பாதி வகுப்பு வெறுமையாகும். இவற்றைத் தலைநகரில் இருக்கும் அதிகாரி காண இயலாது; நாள்தோறும் அவ்வழியே நடப்பவரே காண்பார். அருகில் இருப்பவரிடம் பொறுப்பை ஒப்படைத்தலே அறிவுடைமை என்பது நாயக்கின் உறுதியான நம்பிக்கை.

இது நமக்குப் புதிய கருத்தன்று. 1958 முதல் நமது மாநிலத்தில் நெ. து. சுந்தரவடிவேலு கல்வித் துறைப் பொறுப்பில் இருந்தபோது நடைபெற்ற பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை மூத்தவர்கள் அறிவார்கள். ஊர் மக்கள் பெஞ்சுகளும், கடிகாரங்களும், வகுப்பறைகளும் மனமுவந்து அளித்தனர். அப்போது வெளிப்பட்ட ஊர்ப்பற்றை, நிலையான பொறுப்பாக மாற்ற வேண்டும் என்பதே கமிஷனின் பரிந்துரையில் அடங்கிய கருத்து.

மூன்று பக்கங்கள் கொண்ட வடிவம்

1975இல் நாயக் எழுதிய நூல் ஒன்றில் கல்வியை முக்கோணமாக உருவகித்தார். சமத்துவம், தரம், எண்ணிக்கை என்பன அதன் மூன்று பக்கங்கள். மூன்றையும் ஒருங்கே பெறுவது இந்தியாவுக்கு எட்டாக் கனியாக இருந்து வருகிறது என்பது அவருடைய கவலை.

நமது ஊர் அனுபவத்தில் வைத்து இதனைப் பார்ப்போம். குழந்தைகளை ஏராளமாகச் சேர்த்துவிட்டு, ஐந்து வகுப்புகளையும் ஒரே ஆசிரியரிடம் விட்டால், எண்ணிக்கை வளரும், தரம் விழும். தரம் வேண்டுமென்று நன்கு படிக்கும் சிலரை மட்டும் தேர்ந்தெடுத்துத் தனிப் பள்ளி நடத்தினால், தரம் உயரும், சமத்துவம் விழும். எல்லாரும் சமம் என்று வாயளவில் கூறி, மேற்கு வீதிப் பள்ளிக்கு நல்ல கட்டிடமும் காலனிப் பள்ளிக்கு ஓட்டைக் கூரையும் கொடுத்தால், மூன்றும் விழும். மூன்று பக்கங்களில் ஒன்றை மட்டும் நீட்டினால் முக்கோணம் கோணும். ஆகவே புதிய திட்டம் எது வந்தாலும், இம்மூன்றுக்கும் அது என்ன செய்கிறது என்று கேட்பது பஞ்சாயத்துக் கூட்டத்தில் நல்ல பழக்கமாக அமையும்.

தம் வேலையைத் தாமே அளந்தவர்

1969இல் இந்தியச் சமூக அறிவியல் ஆராய்ச்சிக் குழு நிறுவப்பட்டபோது, நாயக் அதன் முதல் உறுப்பினர் செயலாளர் ஆனார். 1978 வரை அப்பொறுப்பில் இருந்தார். 1974இல் அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கப்பட்டது. ஆனால், அவரைப் பிற கல்வித் தலைவர்களிடமிருந்து வேறுபடுத்திக் காட்டுவது பதவியோ விருதோ அன்று. தாம் முன்னின்று எழுதிய அறிக்கை நடைமுறையில் என்னவாயிற்று என்பதைத் தாமே கணக்கெடுத்து எழுதிய நேர்மையே அவருக்குரிய தனிச் சிறப்பு.

கல்விக் கமிஷனும் அதற்குப் பின்னும் என்ற பொருளில் அவர் இறுதியாக எழுதிய நூல், அவர் மறைந்தபின் 1982இல் வெளிவந்தது. பரிந்துரைகளில் எவை நிறைவேறின, எவை கைவிடப்பட்டன, எதனால் என்று அதில் ஆராய்ந்தார். வகுப்பு ஆண்டுகளின் அமைப்பு போன்ற மாற்றங்கள் நடைமுறைக்கு வந்தன. பொதுப்பள்ளி முறையை 1968ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை எழுத்தில் ஏற்றும், நடைமுறை வேறு திசையில் சென்றது. 6 விழுக்காடு என்ற செலவு இலக்கு 1985-86இலும் எட்டப்படவில்லை. அதே இலக்கை 2020ஆம் ஆண்டுக் கொள்கையும் மீண்டும் எழுத வேண்டியதாயிற்று.

தில்லிப் பொறுப்புகளிலிருந்து விலகியபின், நாயக் ஓய்வு கொள்ளவில்லை. புனேயிலுள்ள தமது கல்வி நிலையத்துக்குத் திரும்பினார். 1979 முதல் புனே மாவட்டத்துக் கிராமங்களில், பகலில் வேலை செய்த குழந்தைகளுக்கு மாலை வேளையில் வகுப்புகள் நடத்தும் ஆராய்ச்சித் திட்டத்தை அந்நிலையம் மேற்கொண்டது. மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும் சமூக அறிவியல் ஆராய்ச்சிக் குழுவும் இணைந்து 1981இல் வெளியிட்ட, அனைவருக்கும் உடல்நலம் பற்றிய அறிக்கையிலும் அவர் பெரும்பங்கு கொண்டார். கல்வியும் உடல்நலமும் ஒரே கயிற்றின் புரிகள் என்று இளமையில் கிராமத்தில் கண்ட உண்மைக்கே இறுதியிலும் திரும்பினார் எனலாம். அதே ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அவர் காலமானார்.

மாலை வகுப்புகள் பற்றிய அவருடைய கருத்துக்கு மறுப்பும் எழுந்தது. வசதியுள்ளவருக்குப் பகல் பள்ளி, ஏழைக்கு இரவு விளக்கொளியில் இரண்டாந்தரப் படிப்பு என்று ஆகிவிடாதா என்று பலர் கேட்டனர். அக்கேள்வி நியாயமானதே. இன்று சட்டம் இவ்விஷயத்தில் தெளிவாக இருக்கிறது. முழு நேரப் பள்ளி ஒவ்வொரு குழந்தைக்கும் உரிமை. மாலை வகுப்பு அதற்குத் துணையாகலாம், மாற்றாக இயலாது. பெருந்தொற்றுக் காலத்தில் கற்றல் தடைப்பட்டபின், 2021இல் நமது மாநிலத்தில் தொடங்கப்பட்ட இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில், தன்னார்வலர்கள் மாலையில் குடியிருப்புகளிலேயே குழந்தைகளுக்குப் பாடம் கற்பித்தது அத்தகைய துணைக்கு எடுத்துக்காட்டு.

இன்றைய சட்டமும் நமது கடமையும்

1992இல் நிறைவேறிய 73ஆம் அரசியல் சட்டத் திருத்தம், பஞ்சாயத்துகளுக்கு ஒப்படைக்கத்தக்க துறைகளைப் பதினொன்றாம் அட்டவணையில் வகுத்தது. தொடக்கக் கல்வியும் உயர்நிலைக் கல்வியும், முதியோர் கல்வியும், நூலகங்களும் அதில் உள்ளன. 2002இல் நிறைவேறிய 86ஆம் திருத்தம் ஆறு முதல் பதினான்கு வயதுவரை கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. அதற்கான சட்டம் 2009இல் இயற்றப்பட்டு, 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது.

அச்சட்டத்தில் நாயக்கின் எண்ணங்கள் பலவற்றைக் காணலாம். பள்ளியில் சேராத அல்லது நின்றுவிட்ட குழந்தையை, அதன் வயதுக்குரிய வகுப்பிலேயே சேர்த்து, சிறப்புப் பயிற்சி அளிக்க வேண்டும் என்கிறது சட்டம். பல நுழைவாயில்கள் என்று அவர் கேட்டது இதனையே. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். உள்ளாட்சியின் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகளுக்கும் அதில் இடமுண்டு. தன் எல்லைக்குள் வசிக்கும் பதினான்கு வயதுவரை உள்ள குழந்தைகளின் பதிவேட்டை வைத்திருப்பதும், அவர்களுடைய சேர்க்கை, வருகை, படிப்பு நிறைவு ஆகிய மூன்றையும் கண்காணிப்பதும், செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் இடம்பெயர்ந்து வரும் குடும்பங்களின் குழந்தைகளைச் சேர்ப்பதும் உள்ளாட்சி அமைப்பின் கடமைகள் என்று சட்டம் பட்டியலிடுகிறது.

இக்கடமையை நிறைவேற்றும் எளிய முறை ஒன்று உண்டு. பள்ளித் தலைமை ஆசிரியரின் உதவியோடு, பத்தாண்டுகளுக்கு முன் முதல் வகுப்பில் இருந்த குழந்தைகளின் பெயர்களைப் பழைய பதிவேட்டிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். நாற்பது பெயர்கள் இருப்பதாகக் கொள்வோம். வேறு ஊருக்குக் குடிபோனவர் ஆறு பேர் என்றால், அவர்களைக் கழித்தபின் முப்பத்து நான்கு பேர் எஞ்சுவர். அவர்களில் ஐந்தாம் வகுப்பை முடித்தவர், எட்டை முடித்தவர், இன்று மேல்நிலை வகுப்பில் இருப்பவர் எத்தனை பேர் என்று பெயர் பெயராகக் கேட்டு எழுத வேண்டும். நின்றவர் பெயருக்கு எதிரே காரணத்தை ஒரே சொல்லில் குறிக்க வேண்டும்: வேலை, திருமணம், நோய், தோல்வி, போக்குவரத்து.

நமது மாநிலத்தில் இன்று தொடக்கப் பள்ளி நிலையில் இடைநிற்றல் மிகவும் குறைந்துவிட்டது. ஆகவே ஐந்தாம் வகுப்பு வரிசையில் ஏறக்குறைய எல்லாப் பெயர்களும் இருக்கும். ஒன்பதாம் வகுப்புக்குமேல் வரும்போது பெயர்கள் விடுபடத் தொடங்கலாம். வகுப்பு ஏறியும் வாசிக்கத் தெரியாத குழந்தைகளும் இருக்கலாம்; அதுவும் விரயமே. பழைய நோய் இடம் மாறியிருக்கிறது, நீங்கிவிடவில்லை. இத்தகைய பட்டியல் ஒன்று கிராம சபையில் வாசிக்கப்பட்டால், பொதுவாகப் பேசும் பேச்சு நின்று, குறிப்பிட்ட வீட்டின் குறிப்பிட்ட பெண்ணைப் பற்றிய பேச்சு தொடங்கும். பெயர்களை வாசிக்கும்போது எந்தக் குடும்பமும் தலைகுனிய நேராதவாறு, காரணங்களை மட்டும் சபையில் கூறி, பெயர்களைக் குழுவினர் தம்முள் வைத்துக்கொள்ளுதல் நலம்.

நாயக் கணித ஆர்வலர். எண்ணை நேசித்தவர், ஆயினும் எண்ணுக்குப் பின்னால் நிற்கும் குழந்தையை அவர் ஒருநாளும் மறந்ததில்லை. களத்தில் நெல்லை அளக்கும் கையாலேயே நமது பள்ளியின் விளைவையும் அளப்போம். அளந்தபின் குறை தெரிந்தால், அக்குறைக்கு நாமே முதற் பொறுப்பு என்று ஏற்போம். அவருக்கு நாம் செய்யத்தக்க நன்றி அதுவே.

கூட்டங்களில் ஆராய்வதற்குரிய வினாக்கள்

1. நமது ஊரில் பத்தாண்டுகளுக்கு முன் முதல் வகுப்பில் சேர்ந்தவர்களில் இன்று படித்துக்கொண்டிருப்பவர் எத்தனை பேர்? நின்றவர்களில் ஆண் எத்தனை, பெண் எத்தனை?

2. நின்றதற்குக் கூறப்படும் காரணங்களில், பஞ்சாயத்தே நீக்கத்தக்கவை எவை? மேலதிகாரிகளின் உதவி வேண்டுபவை எவை?

3. ஊரிலுள்ள எல்லாக் குடியிருப்புக் குழந்தைகளுக்கும் பள்ளியின் குடிநீர், கழிப்பறை, நூலகம் ஆகியவை ஒரே தரத்தில் கிடைக்கின்றனவா?

4. வேலைக்காக வெளியூரிலிருந்து வந்து தங்கியுள்ள குடும்பங்களின் குழந்தைகள் நமது பதிவேட்டில் இடம்பெற்றுள்ளனரா?

5. பள்ளி மேலாண்மைக் குழு கடந்த ஆண்டில் எத்தனை முறை கூடியது? அதன் முடிவுகளில் நிறைவேறியவை எத்தனை?